பாப்பம் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

என் தம்பியின் வாழ்க்கையை நான் கெடுத்தேன். ஒரே ஒரு சொல்லை மறைத்துக் கெடுத்தேன். அந்தச் சொல் "பாப்பம்".

யாழ்ப்பாணத்துப் பேச்சு தெரிந்தவர் என்றால் உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்ப்போம் என்பதைத்தான் நாங்கள் பாப்பம் என்போம். வீடு தேடி வந்து ஒன்றைக் கேட்டவருக்குத் தேநீர் கொடுத்து, வாசல்வரை கூட வந்து, சிரித்த முகத்தோடு "பாப்பம்" என்றால்... இல்லை என்று பொருள். முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாத சனம் நாங்கள். கேட்டவருக்கும் அது விளங்கும். அவர் மறுபடி கேட்க மாட்டார்.

எனக்கும் விளங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் விளங்கியது. விளங்கிக்கொண்டே, "வாங்குவார்கள்" என்று சொன்னேன். இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் என் மேலதிகாரி இங்கிரிட். மற்றவன் குகன், என் கூடப்பிறந்தவன்.

இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாந்துவிடாதீர்கள். கண்ணீர் வரும் என்று சில வருடங்கள் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல ஆகிவிட்டது நெஞ்சு. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் ஒஸ்லோவில் ஒரு சின்னக் கார் கம்பெனியில் வேலை செய்தேன். பெயர் எதற்கு? அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பழைய கட்டடத்தில் மின்சாரக் கார் செய்தோம். சின்னஞ்சிறிய கார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், அதற்குப் பின்னால் சாமான் வைக்க ஒரு கையகலப் பெட்டி. அந்தப் பின்பகுதி, அதாவது பின் இருக்கையும் பெட்டியும், என் பொறுப்பு. இருக்கையை எப்படி மடித்தால் எவ்வளவு இடம் வரும் என்று வருடக்கணக்காக மண்டையை உடைத்தவன் நான்.

அந்தக் காரை நான் நேசித்தேன். ஓம், நேசித்தேன்! சிரிக்காதீர்கள்.

ஒஸ்லோவில் நேசிக்கத்தக்க கார்தான் அது. பனியை வழித்து வீதியோரம் குவித்துவிட்ட பிறகு மற்றவர்கள் நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வருவார்கள்; நாங்கள் இரண்டு பனிக்குவியலுக்கு நடுவே நுழைத்துவிட்டு இறங்கிப் போவோம். சனிக்கிழமைகளில் நகரத்தின் குறொன்லாண்ட் பகுதியிலுள்ள நம்மவர் கடைகளுக்குப் போவேன். ஒரு மூட்டை அரிசி, மீன், முருங்கைக்காய், கறிவேப்பிலை. இருக்கையை மடித்தால் எல்லாம் கொள்ளும். பிள்ளை பின்னால் இருக்க இடமில்லையா, அவள் பாதாள ரயிலில் வந்துவிடுவாள். அம்மருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்புக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். அப்படிப்பட்ட ஊருக்குச் செய்த கார் அது.

பிறகு, கம்பெனியின் பெரியவர்களுக்கு வட அமெரிக்காவின் மேல் கண் விழுந்தது.

நோர்வே சின்னச் சந்தை, இங்கே எவ்வளவுதான் விற்பது என்றார்கள். முதலில் கனடா, பிறகு மெல்ல எல்லையைத் தாண்டி அமெரிக்கா. பெரிய விளம்பரம் செய்ய வசதியில்லை. ஒரு நகரத்தில், ஒரு சமூகத்தில் தொடங்குவோம் என்றார் சந்தைப் பிரிவுத் தலைவி இங்கிரிட். ஒருநாள் கீழே பட்டறைக்கு வந்து என்னிடம் கேட்டார்: "ரொறொன்ரோவில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?"

ஒஸ்லோத் தமிழனிடம் கேட்கிற கேள்வியா அது! யாருக்குத்தான் இல்லை? பெரியம்மா பிள்ளைகள், மாமாமார், பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள், எல்லோருக்கும் மேலாகக் குகன். நகரசபை பஸ் டிப்போவில் மெக்கானிக். கம்பெனிக்கு அங்கே ஒரு முகவர் தேவைப்பட்டார். காரும் தெரிந்த, சனமும் தெரிந்த ஒருவர். என் தம்பியைவிட யார் பொருத்தம்?

அன்றுதான் முதல்தடவையாக என்னை மேல்மாடிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர், நீண்ட மேசை, பழத்தட்டு. இங்கிரிட் என் தோளைத் தொட்டு "இவர் எங்கள் ஆள்" என்றார். எங்கள் ஆள்... அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேனா? அப்படிச் சொன்னால் காரணம் மிகவும் அற்பமாக இருக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

குளிர் தொடங்கும் காலத்தில் நானும் இங்கிரிட்டும் ரொறொன்ரோ போனோம். கார் எங்களுக்கு முன்பே கப்பலில் போய்ச் சேர்ந்திருந்தது. குகன் அதைக் கழுவித் துடைத்து மினுக்கி வைத்திருந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பின்கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, "அண்ணை, இது நீங்கள் செய்ததோ?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த பெருமை இருக்கிறதே... அதை இன்றைக்கும் நான் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

இங்கிரிட்டின் திட்டம் இது: காரை வீடு வீடாகக் கொண்டுபோவோம். ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். பிறகு அவர்களுடைய மொழியிலேயே பேசவிடுவோம். ஆங்கிலத்தில் கேட்டால் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள், தாய்மொழியில்தான் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்றார். பாவம். எங்கள் தாய்மொழியில்தான் மரியாதை உச்சத்தில் இருக்கிறது என்று அவரிடம் யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

விற்கப்போகிற ஆள் பக்கத்தில் இருந்தால் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று சொல்லி, குகனை வெளியே காத்திருக்க வைத்தார். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே நானும் இங்கிரிட்டும். வெளியே, வீதியோரத்தில், தன்னுடைய பழைய வானுக்குள் கைகளைத் தேய்த்தபடி குகன்.

முதல் வீடு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. அங்கே எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கூடவே இருந்தார்கள். மேசையில் ரோல்ஸும் பற்றீசும் தேநீரும் வந்தன. மாஸ்டர் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வடிவான கார், தம்பி. சத்தமே இல்லை. எங்கடை பெடியன் ஒருத்தன் செய்தது எண்டு கேக்கவே பெருமையாக் கிடக்கு."

பிறகு மெல்ல, யாரையும் நோகடிக்காமல் தொடங்கினார்.

"பிள்ளையள் மூண்டு பேர், தம்பி. கோயிலுக்குப் போறதெண்டா எல்லாரும் ஒண்டாத்தான் வெளிக்கிடுவினம். இஞ்சை கடைக்குப் போனா ஒரு மாசத்துக்கெண்டு அள்ளிக்கொண்டு வாறது. பேந்து, பெருந்தெருவிலை லொறியள் ரெண்டு பக்கமும் வருமெல்லே... மகள் பயப்பிடுறாள். ஏதும் பழுதெண்டா சாமான் நோர்வேயிலை இருந்தோ வரவேணும்?"

அவர் மகள் தலையைக் குனிந்து பற்றீஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள். மாஸ்டர் சிரித்தார்.

"அதுக்கென்ன... பாப்பம், தம்பி."

இங்கிரிட் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னார்?"

இங்கேதான். இந்த இடத்தில்தான்.

நோர்வேஜிய மொழியிலும் "பார்க்கலாம்" என்று ஒரு சொல் உண்டு. தாய்மார் கடையில் அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சொல்வது. அங்கேயும் அதற்கு அநேகமாக "இல்லை" என்றுதான் பொருள்! சொல்லுக்குச் சொல் அப்படியே மாற்றியிருந்தாலே அவர் புரிந்துகொண்டிருப்பார். ஆகவே மொழிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற சாக்கும் எனக்குக் கிடையாது.

"மிகவும் பிடித்திருக்கிறதாம். வாங்குவதாக யோசிக்கிறார்" என்றேன்.

இங்கிரிட் மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார். நோர்வேக்காரர்கள் மனதுக்குத் திருப்தியாக ஒன்றைக் கேட்டால் இப்படித்தான், மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஆம் சொல்வார்கள். அந்தச் சின்ன ஒலிக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வெளியே வந்தேன். குகன் வானின் கண்ணாடியை இறக்கினான்.

"என்னவாம், அண்ணை?"

"விருப்பமாத்தான் இருக்கினம்."

"எடுப்பினமோ?"

"எடுப்பினம் போலைதான் கிடக்கு."

பாப்பம் என்று சொன்னார்கள் என்று, அந்த ஒரு சொல்லை மட்டும் அவனிடம் அப்படியே கொடுத்திருந்தால் போதும். நான் வேறெதுவும் விளக்கத் தேவையில்லை. அவன் சிரித்துவிட்டு வானை வீட்டுக்குத் திருப்பியிருப்பான். மறுநாள் டிப்போவுக்கு வேலைக்குப் போயிருப்பான்.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதேதான். எங்கும் காரைப் புகழ்ந்தார்கள், எங்கும் வயிறு நிறையச் சாப்பிட வைத்தார்கள், எங்கும் பாப்பம். சொல்லச் சொல்ல எனக்குப் பொய் கைவந்துவிட்டது. கடைசி வீட்டில் இங்கிரிட் கேட்கும் முன்பே மொழிபெயர்த்துவிட்டேன்.

ஆட்கள் சொல்வதை விடுங்கள். என் கண்ணே பார்த்தது. ஒருநாள் குகன் எங்களைப் பெருந்தெருவில் ஏற்றிப்போனான். பின்னால் நானும் அவன் மனைவி வதனியும். இரண்டு பக்கமும் லொறிகள், சக்கரமே எங்கள் கண்ணாடி உயரத்துக்கு. ஒரு லொறி கடந்து போனபோது கார் ஒரு பக்கமாகத் தள்ளாடியது. வதனி இருக்கைப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக்கியைப் போட்டதும் பற்றரி அளவு கண்ணெதிரே இறங்கியது. போய்ச் சேரவேண்டிய இடமோ இன்னும் தூரத்தில் கிடந்தது. அங்கே எல்லாமே தூரத்தில்தான் கிடக்கிறது.

பிறகு ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம். வயல்வெளிபோல விரிந்து கிடந்தது. எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிக்கப் வண்டி வந்து நின்றது. ஒவ்வொருவருக்கும் வேண்டிய அளவுக்கு மேலேயே இடம். எங்கள் கார் நின்ற கட்டத்தில் பாதி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்த அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒஸ்லோவில் எங்கள் காரின் சின்ன உருவம் ஒரு கெட்டிக்காரத்தனம். இங்கே அது வெறும் குறை. இடத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் காரை, இடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் யார் வாங்குவார்?

வதனி இறங்கி நின்று காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அத்தான், இது இஞ்சை சரிவருமோ?" என்று கேட்டாள்.

"ஏன் வராது?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

விமான நிலையத்தில் குகன் என்னைத் தனியே இழுத்துப்போனான். இங்கிரிட் காப்பி வாங்கப் போயிருந்தார்.

"அண்ணை, டிப்போ வேலையை விடுறதெண்டா பேந்து அதுக்குள்ளை போகேலாது. வதனி யோசிக்கிறாள். உங்கடை கம்பெனிக்காரர் என்ன சொல்லினம் எண்டது எனக்குத் தேவையில்லை. நீங்கள் ஓம் எண்டாச் சொல்லுங்கோ. நான் விடுறன்."

"ஓம்" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் ஜாக்கெட்டில் டிப்போவின் கிறீஸ் வாசனை இருந்தது. அந்த வாசனையோடு நான் விமானம் ஏறினேன், நன்றாகத் தூங்கினேன்... இதைத்தான் என்னால் நம்ப முடிவதில்லை. எப்படித் தூங்கினேன்?

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். குகன் வேலையை விட்டான். வீதியோரம் ஒரு இடம் எடுத்துக் கார்களை வரிசையாக நிறுத்தினான். வாங்கியவர்கள் ஒரு சிலர். அவர்களும் அவன் முகத்துக்காக வாங்கிய சொந்தக்காரர்கள். ஒருவருக்குக் கண்ணாடி ஏற்றும் மோட்டார் பழுதானது. மாற்று மோட்டார் ஒஸ்லோவிலிருந்து வரும்வரை அந்தக் கண்ணாடிக்குப் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு குளிருக்குள் காரை ஓட்டினார். ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அவர் குகனிடம் கேட்டாராம், "உன்ரை அண்ணன்காரன் இதைக் காரெண்டோ சொன்னவன்?" அதன்பிறகு குகன் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்தான். பிறகு கோயிலுக்கும்.

கம்பெனி மூடப்பட்டது. கேட்டவர்களுக்குக் காரணங்கள் சொன்னார்கள். நீண்ட தூரங்கள், கடுங்குளிர், பெரிய வாகனங்களுக்குப் பழகிய மக்கள், பழுது பார்க்க ஆளில்லாமை. எல்லாமே உண்மை. உண்மையான காரணங்களுக்குப் பின்னால் ஒரு பொய்யன் ஒளிந்து நிற்பது எவ்வளவு சுலபம்!

நீங்கள் எனக்காக ஒரு வாதம் வைப்பீர்கள், தெரியும். நீ சொல்லாவிட்டாலும் அந்தக் கம்பெனி அங்கே தோற்றுத்தான் இருக்கும் என்பீர்கள். ஓம், தோற்றிருக்கும். என் பொய்யால் கம்பெனி விழவில்லை. கம்பெனி தன் பாட்டில் விழுந்தது. விழுகிற இடத்தில் என் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். என் குற்றம் அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

இப்போது நான் ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எப்போதாவது எங்கள் கார் ஒன்று பரிசோதனைக்கு வரும். ஒஸ்லோவில் இன்னும் சில ஓடுகின்றன. பிரேக் பார்ப்பேன், விளக்குப் பார்ப்பேன், அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பேன். பின்கதவைத் திறந்து மூடுவேன். ஒன்றும் தோன்றாது. அடுத்த காரைக் கூப்பிடுவேன்.

ஒருமுறை இங்கிரிட்டே தன் காரைக் கொண்டுவந்தார். முடி நரைத்திருந்தது. காத்திருந்த நேரத்தில் பழையதைப் பேசினார். "தவறு என்னுடையதுதான். வாடிக்கையாளர்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை" என்றார்.

என்னிடம், அதுவும் என்னிடம்! நான் அவர் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். சுழற்றிக்கொண்டே இருந்தேன். அவருடைய தவறு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குகன் இப்போது லொறி ஓட்டுகிறான். அதே பெருந்தெருவில். நாட்கணக்காக வீட்டுக்கு வராமல் ஓடுகிறான்.

கம்பெனி மூடிய வருடத்தில் ஒருநாள் என்னை அழைத்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணை, மாஸ்டரைக் கடையிலை கண்டனான். தான் அண்டைக்கே பாப்பம் எண்டுதானே சொன்னது எண்டு சொல்லுறார். மெய்யோ?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓம் என்றிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு ஓம் சொல்லிக் கெடுத்தவன், இன்னொரு ஓம் சொல்லி அதை நேராக்கியிருக்கலாம். அவன் திட்டியிருப்பான். திட்டினால் தீர்ந்திருக்குமோ என்னவோ.

"எனக்கு ஞாபகமில்லையடா" என்றேன்.

லொறி இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு, "சரி அண்ணை, வைக்கிறன்" என்றான்.

அதன்பிறகு அவன் அதைப்பற்றிக் கேட்டதில்லை. சண்டை பிடித்ததும் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுவான். காலநிலை சொல்வான். பிள்ளைகள் சுகம் என்பான். ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை. அந்த மரியாதையைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் தண்டனை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இல்லை, அது தண்டனை இல்லை. எனக்கு அது பழகிவிட்டது.

இந்தக் கோடையில் என் மகள் துளசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கத்தைய நோர்வேஜியப் பெடியன். விருந்து மேசையில் யார் எங்கே இருப்பது என்று காட்ட, கடற்கரையில் பொறுக்கி வந்த கூழாங்கற்களில் ஒவ்வொருவர் பெயராகத் தன் கையாலேயே எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினி மேசை முழுக்கக் கற்கள். "அப்பா, சித்தப்பாவைக் கேட்டனீங்களோ? நான் சின்னனா இருக்கேக்கை இஞ்சை வந்து நிண்டு என்னைத் தூக்கித் திரிஞ்சவர், அவர் கட்டாயம் வரவேணும்" என்றாள்.

அவள் முன்னாலேயே அழைத்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள், போட்டேன். குகன் துளசிக்கு வாழ்த்துச் சொன்னான். மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டான். சிரித்தான் கூட.

"அப்ப வாறாய்தானே? வதனியையும் கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

"அதுக்கென்ன, அண்ணை..." என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. "பாப்பம்."

அவன் தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தானா? வாயில் வந்ததைச் சொன்னானா? எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. அதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

துளசி தூரிகையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்தவள். தமிழ் வடிவாகக் கதைப்பாள். ஆனால் சில சொற்களின் அடி அவளுக்குத் தெரியாது.

"பாப்பம் எண்டா? ஓமோ, இல்லையோ அப்பா? சொல்லுங்கோ, நான் எழுதவேணும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "வருவினம்."

அவள் கற்குவியலிலிருந்து அழகான இரண்டைத் தெரிந்தெடுத்துத் துடைத்தாள். ஒன்றில் குகன் என்று எழுதினாள். மற்றதில் வதனி என்று எழுதினாள். காய்வதற்காக இரண்டையும் யன்னலோரத்தில் வைத்தாள்.

இன்றைக்கும் அவை அங்கேதான் இருக்கின்றன. காய்ந்துவிட்டன.